நிறைவிலும் குறைவிலும்

புனித சின்னப்பர் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்தில், வறுமையில் மட்டுமன்று, வளத்திலும் மனநிறைவோடு வாழத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகிறார். வறுமையைத் தாங்கப் பழக வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது. வளமாய் வாழவுமா பாடம் வேண்டும்?

ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தம்மாளின் வாழ்வைப் படித்தபோதுதான் எனக்கு இதன் பொருள் விளங்கிற்று. 1207-ல் அரசகுமாரியாகப் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே ஜெர்மனியிலுள்ள துரிங்கியா அரண்மனைக்கு அனுப்பப்பட்டு, 1221-ல் கோமகன் லுத்விக்கை மணந்தார். அவர் மடியிலிருந்த அப்பம் ரோஜா மலராக மாறியது என்ற கதையை ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அதைவிட, அவருடைய பணிப்பெண்கள் பின்னாளில் சாட்சியமாகச் சொன்ன ஒரு சிறு செய்தியே என் மனத்தைத் தொட்டது.

விருந்து மேசையில் அமர்ந்ததும், "இவ்வுணவு எங்கிருந்து வந்தது?" என்று எலிசபெத்தம்மாள் விசாரிப்பாராம். ஏழைக் குடிகளிடம் அநியாயமாய்ப் பறித்தது என்று தெரிந்தால் தொடமாட்டார். விருந்தினர் அறியாதபடி அப்பத்தைப் பிட்டுப் பிட்டு வைத்து, உண்பதுபோல் காட்டிக்கொள்வார். அத்தனை பண்டங்களுக்கு நடுவே பசியோடு எழுந்த நாட்களும் உண்டு. ஆனால் உணவும் பானமும் நேர்மையாய் வந்தவை என்று அறிந்தாலோ, சிறுமிபோல் கைதட்டி மகிழ்ந்து பணிப்பெண்களோடு உண்பார்! அவர் விருந்தை வெறுக்கவில்லை; பிறர் கண்ணீர் கலந்த விருந்தைத்தான் வெறுத்தார். நம் வீட்டு விசேஷங்களில், பாத்திரம் துலக்கும் அம்மாள் சாப்பிட்டாரா என்று நாம் கேட்பதுண்டா?

1227-ல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட லுத்விக் வழியில் இத்தாலியில் காய்ச்சலால் இறந்தார். இருபது வயதில், மூன்று குழந்தைகளுடன் எலிசபெத்தம்மாள் விதவையானார். கோட்டையைவிட்டு வெளியேறிய முதல் இரவு, பன்றிகள் அடைபட்டிருந்த ஒரு கொட்டிலில் கழிந்தது. நள்ளிரவில் பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயத்துக்குச் சென்று, 'தெ தேயும்' என்னும் நன்றிப்பாடலைப் பாடும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டாராம்.

அவருக்குத் துயரமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கணவரின் எலும்புகள் ஊர் திரும்பியபோது அவர் கதறி அழுதார். அவர் உயிரோடிருந்தால் உலகெங்கும் அவருடன் பிச்சையெடுக்கவும் தயார் என்றார். அழுது முடித்துத்தான் இறைவனின் சித்தத்துக்குத் தலைவணங்கினார்.

1228-ல் மார்பர்க் நகரில் மருத்துவமனை நிறுவி, நோயாளிகளைத் தம் கையாலேயே குளிப்பாட்டினார். கூலிக்குக் கம்பளி நூற்றார். "சீமாட்டி என்று அழைக்காதே, எலிசபெத் என்று கூப்பிடு" என்று பணிப்பெண்களுக்குக் கட்டளையிட்டார். 1231 நவம்பர் 17-ல் மரிக்கும்போது அவருக்கு வயது இருபத்துநான்கே. 1235-ல் திருச்சபை அவரைப் புனிதை என அறிவித்தது.

மரணப் படுக்கையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அவரிடமிருந்து இனிய பாடல் ஒன்று எழுந்ததாம். அருகிலிருந்த பணிப்பெண் வியந்து கேட்டபோது, தமக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிறு பறவை பாடியதாகவும், அதைக் கேட்டுத் தாமும் பாடாமலிருக்க முடியவில்லை என்றும் சொன்னார்.