ஒல்லி எழுத்துக்கு ஏன் அகலப் பாதம்?

குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் வேண்டும். அதற்காகத் திருச்சுழிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறுகிற அக்காமார் உண்டு. நானும் அங்கே பழகுகிறேன். அங்கே கவனித்ததைச் சொல்கிறேன்.

ஆங்கில மெஷினில் எந்தக் கீயைத் தட்டினாலும் பேப்பர் ஒரே அளவுதான் நகரும். அதனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 'எம்' நெருக்கிக்கொண்டு நிற்கும். சின்ன 'ஐ' ஒல்லி. இரு பக்கமும் காலியிடம். அதை நிரப்பத்தான் அடியில் பட்டையாக ஒரு பாதம்!

அகலம் ஒன்றாக இருப்பதால்தான் தேர்வில் ஸ்டேட்மெண்ட் அடிக்கும்போது ஸ்பேஸை எண்ணியே பத்தி பிரிக்கிறோம். எண்ணிக்கை தவறினால் பத்தி கோணிவிடும், மார்க்கும் போகும்.

இதே ஜாடையில் 1950களில் ஐ.பி.எம். தட்டச்சுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்ததுதான் 'கூரியர்'. பழைய மெஷினில் சாய்வெழுத்து கிடையாது. முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு போடுவார்கள். கம்ப்யூட்டரில் கூரியரை 'இட்டாலிக்' ஆக்கினால் எழுத்து சாயும், அகலம் மாறாது. அதனால் புரோகிராம் எழுதுவோர் விளக்கக் குறிப்பை மட்டும் சாய்த்துக் காட்டலாம், வரிசை கலையாது.

நம் லேபில் கூரியரில் பத்து 'ஐ', அதன் கீழே பத்து 'எம்' அடித்துப் பாருங்கள். இரண்டு வரியும் ஒரே அளவுக்கு இடம் பிடிக்கும்!