திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள்

வியாபாரம் தொடங்கும் எவரும் எவ்வளவு முதல் போடுவது, எங்கே சரக்கு எடுப்பது, மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறார்கள். எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு திரும்புவது என்று கணக்குப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. முப்பது வருடம் கடையில் இருந்த எனக்கே இந்தப் பாடம் ஒரு மலையில்தான் சரியாக விளங்கியது. அதையே இந்த வாரம் வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

2023 மார்ச் முதல் வாரம். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் நாட்டில் எல்லா வியாபாரிகளும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக வருடம் போனது. அந்தக் களைப்புத் தீர, பெருநாள் வியாபாரம் தொடங்குமுன் இரண்டு நாள் எங்கேயாவது போய்வருவோம் என்று மடவளை பஸாரில் கடை வைத்திருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் தீர்மானித்தோம். கடற்கரைக்குப் போவோம் என்றார்கள் சிலர். "கண்டியில் பிறந்து வளர்ந்தும் நம் மலைகளில் ஒன்றிலாவது ஏறியிருக்கிறோமா?" என்று கேட்டார் எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஹாஜியார். யாரிடமும் பதில் இல்லை.

சனிக்கிழமை ஹந்தானை, ஞாயிறு காலை மாவனல்லைப் பக்கம் பத்தலேகல, பிற்பகல் அலகல்ல என்று திட்டம் போட்டோம். இரண்டு நாளில் மூன்று மலை. ஞாயிறு இரவு ஹாஜியார் வீட்டில் சஹன் சாப்பாடு. மூன்று மலையும் ஏறி முடித்த சந்தோஷத்துக்கான விருந்து என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று.

ஹாஜியார் போட்ட கணக்கு

வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் கூடியபோது தண்ணீர், பிஸ்கட், அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் என்று பட்டியல் போட்டோம். ஹாஜியார் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்குத் திரும்புவது?"

"உச்சிக்குப் போனதும் திரும்புவதுதானே, ஹாஜி" என்றார் ஹாட்வெயார் கடைத் தம்பி. வயது முப்பது. எங்களில் வேகமாக நடப்பவரும் அவர்தான்.

ஹாஜியார் கடதாசி எடுத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டார். மார்ச் மாதம் இங்கே சூரியன் மறைவது மாலை 6.20 அளவில். அலகல்லயிலிருந்து இறங்க இரண்டு மணித்தியாலம். வழி தவறினாலோ யாருக்காவது கால் சுளுக்கினாலோ ஈடுகட்ட இன்னும் ஒரு மணித்தியாலம். ஆகவே எங்கே நின்றாலும் பிற்பகல் 3 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மற்ற இரண்டு மலைகளுக்கும் இப்படியே நேரம் குறித்தார். மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். அவர் சொன்னால் மறு பேச்சில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். வீட்டில் வசதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒத்துக்கொள்வது இலேசான காரியம்.

முதல் இரண்டு மலைகள்

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கமாக ஹந்தானையில் ஏறினோம். ஏழு சிகரங்கள் கொண்ட தொடர் இது. 2010ல் இதைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அரசாங்கம் பிரகடனம் செய்தது. மரம் குறைந்த புல்வெளி. ஒரு சிகரத்தில் நின்றால் அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கண்டி நகரம், தூரத்தில் மூடிய கையின் மொளிகளைப்போல எங்கள் தும்பர மலைத்தொடர். ஆனால் இங்கே பனி மூட்டம் வந்தால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. வழி தவறிய மாணவர் கூட்டங்களைப் பொலிஸாரும் இராணுவத்தினரும் தேடிக் கீழே கொண்டுவந்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். நாங்கள் குறித்த நேரத்துக்கு முன்பே ஏறி இறங்கிவிட்டோம். இதுதானா மலை என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அன்றிரவு மாவனல்லையில் ஒருவரின் உறவினர் வீட்டில் தங்கினோம். காலையில் இடியப்பமும் கோழிக்கறியுமாக உபசரித்து விடமாட்டேன் என்றார்கள். புறப்படும்போது ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. பத்தலேகல 798 மீற்றர் உயரமுள்ள பாறை. விரித்து வைத்த புத்தகம்போலத் தெரிவதால் ஆங்கிலேயர் அதற்கு பைபிள் பாறை என்று பெயர் வைத்தார்கள். மேல் பகுதியில் படிகளும் இரும்புக் கைப்பிடியும் உண்டு. உச்சியிலிருந்து அரநாயக்கப் பக்கம் பார்த்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2016 மே 17ல் சாமசர மலைச்சரிவு பெயர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போன ஊர் அது. மழை பெய்தால் மலை என்ன செய்யும் என்பதை அந்தச் சரிவு சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு படம் எடுப்பதில் இன்னும் அரை மணித்தியாலம் போனது.

இன்னும் இருபது நிமிடம்தான்

அலகல்ல கிட்டத்தட்ட 1,140 மீற்றர். கண்டி மாவட்டமும் கேகாலை மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. கண்டி இராச்சியத்தின் காவல் அரணான பலனைக் கோட்டையும் இதன் அயலில்தான் இருந்தது. பொத்தபிட்டியவில் லுஹர் தொழுதுவிட்டு ஏறத் தொடங்கியபோது மணி 1.10. நாங்கள் போட்டிருந்த திட்டம் 12.30. காலையில் சிரித்துக்கொண்டே தொலைத்த நேரமெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது.

மூன்று மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இருபது நிமிட நடை இருக்கும். மேற்கே வானம் கறுத்திருந்தது, ஓர் இடி முழக்கமும் கேட்டது. ஹாஜியார் நின்றார். "மூணு மணி. திரும்புவோம்."

"ஹாஜி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. இருபது நிமிஷம்தானே" என்றார் ஹாட்வெயார் தம்பி. அவர் கண்ணில் கோபம் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் அவர் பக்கம்தான் பேசினேன். ஹாஜியார் என்னைப் பார்த்து, "மூணு மணி என்று வெள்ளிக்கிழமை நீங்களும்தானே சொன்னீங்க? அப்போ உங்களுக்குக் கால் வலிக்கல்ல, ஆசையும் இல்ல. அந்தப் புத்திதான் சரியான புத்தி" என்றார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

மூன்றே முக்காலுக்கு மழை பிடித்தது. ஏறும்போது காய்ந்திருந்த பாறை சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கியது. பலசரக்குக் கடை நானாவின் கணுக்கால் பிசகி, இருவர் தோள்கொடுத்து இறக்கினோம். இரண்டு மணித்தியாலம் என்று கணக்குப் போட்ட இறக்கத்துக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. வேனுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஈடுகட்ட வைத்த அந்த ஒரு மணித்தியாலம் முழுவதும் செலவாகிவிட்டது. உச்சிக்குப் போய் வந்திருந்தால் அந்த நானாவை இருட்டில், மழையில், பாறையில் வைத்துத் தூக்கியிருப்போம்.

என் பதினேழு இலட்சம்

வேனில் வரும்போது எனக்கு வேறொரு நினைவு வந்தது. பல வருடங்களுக்கு முன், வெளி மாவட்டக் கடைக்காரர் ஒருவருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து இலட்சத்துக்கு மேல் போவதில்லை என்று மனதில் ஓர் எண்ணம் இருந்தது. எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஐந்து இலட்சம் ஆனபோது அவருடைய செக் ஒன்று திரும்பியது. "இந்த மாதம் சரக்குத் தந்தால்தான் விற்று உங்கள் காசைத் தரலாம்" என்றார். கொடுத்தேன். பழைய ஐந்தைக் காப்பாற்றப் புதிதாக மூன்று, அந்த எட்டைக் காப்பாற்ற இன்னும் நாலு. ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்சம்தானே" என்றுதான் நினைத்தேன். பதினேழு இலட்சத்தில் கடை பூட்டியிருந்தது. அந்த இழப்பை அடைக்க எனக்கு நான்கு வருடம் சென்றது. அலகல்லயில் நின்று "இருபது நிமிஷம்தானே" என்று சொன்னவனும் அதே ஆள்தான்.

இது எனக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 8,849 மீற்றர் உயரமான எவரெஸ்டில் 1996 மே 10ஆம் திகதி ஏறிய குழுக்களுக்கு, எங்கே நின்றாலும் பிற்பகல் 2 மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதே பேச்சு. பெரும் பணமும் பல வார உழைப்பும் செலவழித்து வந்தவர்கள். இரண்டு மணி தாண்டியும் பலர் ஏறினார்கள், ஒருவர் உச்சியை அடைந்தது நான்கு மணியளவில். மாலையில் புயல் வந்தது. மலையின் தென்பக்கத்தில் ஐவரும் வடபக்கத்தில் மூவருமாக எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் உலகப் புகழ்பெற்ற வழிகாட்டிகளான ரொப் ஹோலும் ஸ்கொட் பிஷரும்.

அதே மாதம், சுவீடனிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்த யொரான் குரொப் என்பவர், உச்சிக்குக் கிட்டத்தட்ட நூறு மீற்றர் இருக்கும்போது மே 3ஆம் திகதி திரும்பினார். நேரம் பிந்திவிட்டது என்பதே காரணம். மே 23ஆம் திகதி மீண்டும் ஏறி உச்சியைத் தொட்டார். உயிரோடு திரும்பியவருக்குத்தான் இரண்டாவது தடவை உண்டு.

கடைக்குக் கொண்டுவர வேண்டியது

முதலாவது, எல்லையை எழுதுங்கள். இந்தக் கடைக்காரருக்கு இவ்வளவு கடன், இத்தனை நாள். புதிய கிளைக்கு இவ்வளவு முதல், இத்தனை மாதம். எழுதாத எல்லை ஆசை வந்ததும் நகர்ந்துவிடும்.

இரண்டாவது, பின்னாலிருந்து எண்ணுங்கள். பெருநாள் உடுப்பை எடுக்கும்போதே, எந்தத் திகதியில் எவ்வளவு மிஞ்சியிருந்தால் விலை குறைத்துத் தள்ளுவது என்று குறியுங்கள். பெருநாள் இரவில் போடும் கணக்கு பிந்திய கணக்கு.

மூன்றாவது, இறங்குவதற்கும் செலவுண்டு. ஒரு கடையை மூடினாலும் வேலையாட்களின் சம்பளம், வாடகை, வழங்குநரின் பாக்கி எல்லாம் கொடுக்க வேண்டும். அதற்குரிய காசு கையில் இருக்கும்போதே திரும்ப வேண்டும்.

நான்காவது, மணிக்கூட்டை இன்னொருவர் கையில் கொடுங்கள். பங்காளியோ, மனைவியோ, கணக்குப் பார்ப்பவரோ, உங்களைப் பார்த்து "மூணு மணி" என்று சொல்லத் தயங்காத ஒருவர் வேண்டும்.

இரண்டு சஹன்

அன்றிரவு ஹாஜியார் வீட்டில் ஆறு ஆறு பேராக இரண்டு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். புரியாணி, கோழி, அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம். ஹாட்வெயார் தம்பிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "மூன்று மலை என்றுதானே விருந்து? இரண்டரைதானே ஏறினோம்" என்றார்.

ஹாஜியார் காலில் கட்டுப்போட்டிருந்த நானாவின் பக்கம் இறைச்சித் துண்டொன்றைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பன்னிரண்டு பேர் போனோம். ரெண்டு சஹனிலும் ஓர் இடம்கூடக் காலியில்ல. வேறென்ன விருந்து வேணும், மகன்?"

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி என் கடைக்கு வந்தார். கண்டி நகரத்தில் கடன் எடுத்து இரண்டாவது கடை ஒன்று திறக்கப் போவதாகவும், எல்லை எழுத உதவுமாறும் கேட்டார். எட்டு மாதம், முப்பது இலட்சம் என்று எழுதினோம். மணிக்கூட்டைத் தன் வாப்பாவிடம் கொடுத்தார். எட்டாவது மாதம் கடை வாடகையைக்கூட உழைக்கவில்லை. மூடிவிட்டார். அழுதுகொண்டுதான் மூடினார். ஆனால் மடவளைக் கடை கைவிட்டுப் போகவில்லை, யாருடைய செக்கும் திரும்பவில்லை. இன்றும் ஊரில் தலை நிமிர்ந்து வியாபாரம் செய்கிறார்.

அடுத்த வருடம் ஜனவரியில் அலகல்லைக்கு மறுபடி போனோம். இந்த முறை காலைச் சாப்பாட்டைப் பொதி கட்டிக்கொண்டு, சுபஹோடு புறப்பட்டோம். பதினொரு மணிக்கு முன்பே உச்சியில் நின்றோம். கணுக்கால் பிசகிய நானாவும் நின்றார். மலை எங்கேயும் போயிருக்கவில்லை.