தோட்டா ஏறாத கைத்துப்பாக்கி

யந்திரம் எதுவாயினும், அதற்கு ஊட்டப்படும் பொருள் உரிய வேளையில் உரிய நிலையில் வந்து சேர்தல் வேண்டும். மதுரையைச் சூழ்ந்த நாட்டில் இவ்வுண்மையை அறியாதார் அரியர். திருநகரை அடுத்த ஹார்விபட்டி நூற்பாலைத் தொழிலாளர்க்கென எழுந்த குடியிருப்பு. ஆலையில் உழைத்த முதியோரை வினவின், பொறி நூற்குமிடத்தைக் காட்டிலும் பஞ்சுத் திரி உட்செல்லும் இடமே கண்காணிக்கத் தக்கது என்பர். தையற்பொறியும் மாவரைக்கும் யந்திரமும் அத்தகையனவே. அவை இடறினால் நிறுத்திச் சரிசெய்து கொள்ளலாம். இடறுங்கால் நிறுத்திப் பார்க்க அவகாசமளிக்காத யந்திரமும் ஒன்றுண்டு. தற்காப்பின் பொருட்டு உரிமம் பெற்று வைத்திருக்கும் சிறு கைத்துப்பாக்கியே அது.

இவ்வியாசம் எழுதக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம். திருநகர்வாசியாகிய நம் நண்பர் ஒருவர் முறைப்படி உரிமம் பெற்று .32 அளவுள்ள சிறு கைத்துப்பாக்கியொன்றைப் பல்லாண்டுகளாகப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தார். அவரது வீடு ஊரின் ஓரத்தில் தனித்து நிற்பது. மனைவியும் தாமுமாக வாழும் அவர், துப்பாக்கி உண்டென்னும் துணிவில் இரவு தோறும் உறங்கி வந்தார். ஒருநாள் அனுமதி பெற்ற சுடுதளத்தில் அதனைச் சோதித்தபோது முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது தோட்டா பாதிவழியில் மூக்கு முட்டி நின்றுவிட்டது. “இத்தனை ஆண்டுகளாக நான் நம்பியிருந்தது இதனையா?” என்று அவர் எம்மைக் கேட்டபோது யாதும் கூற இயலாது நின்றோம். பின்னர் அவருடனிருந்து ஆராய்ந்து கற்றவற்றையே இங்கு முறைப்படுத்தி எழுதலுற்றோம்.

இவ்வகைத் துப்பாக்கியின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில் 1855-ஆம் ஆண்டிற் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங் என்பார் வகுத்த கைத்துப்பாக்கிகளை, பெல்ஜிய நாட்டு ஹெர்ஸ்டால் நகரத் தொழிற்சாலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யத் தொடங்கிற்று. அவற்றுக்கென அவர் அமைத்த தோட்டாவே இன்று .32 எனவும் 7.65 மில்லிமீட்டர் எனவும் வழங்குவது. தமிழ்நாட்டு வரலாற்றிலும் இத்துப்பாக்கிக்கு இடமுண்டு. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டதும், உடனே தம்மைத்தாமே சுட்டுக்கொண்டதும் பிரவுனிங் கைத்துப்பாக்கியாலேயாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ்ப் படைக்கும் காவலுக்கும் உரிய 9 மில்லிமீட்டர் முதலிய அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. ஆதலின் தற்காப்புக்கென உரிமம் பெறுவோர் பெரும்பாலும் இந்த .32 அளவையே நாடுகின்றனர். இத்தோட்டாவிற்கே உரிய குறையொன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

இனித் துப்பாக்கி இயங்கும் முறையைக் காண்போம். பிடியினுள்ளே மேகசின் என்னும் தகரக்கூடு செருகப்பட்டிருக்கும். அதன் அடியிலுள்ள சுருள்வில், தாங்கி எனப்படும் சிறு தட்டின் வாயிலாகத் தோட்டாக்களை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கும். கூட்டின் வாயில் இருபுறமும் உள்மடிந்த இதழ்கள் மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும். துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பாகத்தை ஸ்லைடு என்பர். தோட்டா வெடித்தவுடன், வெடிவாயுவின் அழுத்தம் வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ள, அது ஸ்லைடையும் பின்னே தள்ளும். ஸ்லைடிலுள்ள கொக்கி வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே எறியும். பின் மற்றொரு சுருள்வில்லின் விசையால் ஸ்லைடு முன்னோக்கிப் பாய்ந்து, மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளும். அத்தோட்டா ஒரு சரிவின்மேல் ஏறிக் குழலின் பின்புறத்துள்ள தோட்டா அறையிற் புகும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நிகழ்ந்துவிடும்.

பெரிய துப்பாக்கியைவிடச் சிறியது அதிகமாய் இடறுவதேன் என்று மாணவர் வினவலாம். சிறியதில் ஸ்லைடு ஓடும் தூரம் குறைவு. அதன் எடையும் குறைவு. ஆதலின் அது விரைந்து சென்று விரைந்து மீளும். அக்குறுகிய இடைவேளைக்குள் மேகசினின் சுருள்வில் அடுத்த தோட்டாவை மேலேற்றி நிறுத்த வேண்டும். பெரியதிற் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு அழுக்கும் சிறு தளர்ச்சியும் சிறியதிற் பொறுக்கப்படா.

ஆராய்ச்சி தொடங்குமுன் காக்கவேண்டிய முறைகள் சில. குழலின் வாய் ஆளில்லாத பத்திரமான திசையையே நோக்கியிருத்தல் வேண்டும். விரல் விசையைத் தொடலாகாது. மேகசினை முதலில் அகற்றுக; அதன்பின் ஸ்லைடைப் பின்னிழுத்துத் தோட்டா அறை வெறுமையாயிருத்தலைக் கண்ணாற் கண்டு, விரலாலும் தடவி உறுதி செய்க. இவ்வரிசை மாறலாகாது. மேகசின் உள்ளிருக்க ஸ்லைடை இழுத்தால், வெளிவந்த தோட்டாவிற்கு ஈடாக மற்றொன்று அறையிற் புகுந்துவிடும். விசையை இழுத்தும் தோட்டா வெடியாவிடில் 30 விநாடியேனும் குழலைப் பத்திரமான திசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடித்தலும் உண்டு. வெடியோசை வழக்கத்திற்கு மாறாக மெலிந்து கேட்பின், குண்டு குழலிலேயே சிக்கியிருக்கக் கூடும். அப்போது அடுத்த தோட்டாவைச் சுடுதல் குழலையும் கையையும் ஒருங்கே அழிப்பதாகும்.

இடறல்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. துப்பாக்கி நின்றவுடன் அவசரத்தில் உலுக்கி எடுத்துவிடாமல், எந்நிலையில் நின்றது என்று ஒரு கணம் நோக்குதல் வேண்டும். அந்நோக்கே பாதி வைத்தியம்.

முதலாவது, ஸ்லைடு முழுதும் மூடியிருக்கும். தோட்டா அறையோ வெறுமையாயிருக்கும். தோட்டா உரிய வேளையில் மேலெழாமையின் ஸ்லைடு அதன்மேற் கடந்து சென்றது என்பது இதன் பொருள். மேகசினின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். உள்ளே அழுக்கடைந்து தாங்கி ஒட்டியிருக்கலாம். அன்றி மேகசின் முழுதும் செருகப்படாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, தோட்டாவின் மூக்கு சரிவில் முட்டி நிற்கும். மேகசினின் இதழ்கள் வளைந்து தோட்டாவைத் தவறான கோணத்தில் விடுதலும், அத்துப்பாக்கிக்கு ஒவ்வாத வடிவுடைய குண்டும், சரிவிற் படிந்த கரியும் இதற்குக் காரணமாம்.

மூன்றாவது, தோட்டா அறையிற் பெரும்பகுதி புகுந்தும் ஸ்லைடு முற்றும் மூடாமல் நூலிழையளவு பின்னிற்கும். அறையில் அழுக்கு, தளர்ந்த மீள்வில், உப்பிய தோட்டா என்பன இதற்குக் காரணம். ஸ்லைடை முழுதும் இழுத்துச் சட்டென விடாமல் கையாற் பிடித்து மெல்ல விடுவோர்க்கும் இது நேரும். அங்கே குற்றம் கையினதேயன்றித் துப்பாக்கியினது அன்று.

நான்காவது, வெற்றுக்கூடு வெளியேறாமல் உள்ளிருக்க, புதுத்தோட்டா அதன்பின் வந்து முட்டும். காண்போர் இதனையும் ஊட்டக்குறை என்றே எண்ணுவர். மெய்யான குறை கொக்கியிலோ, அறையின் அழுக்கிலோ இருக்கும். சுடுவோர் மணிக்கட்டைத் தளரவிட்டால் துப்பாக்கி முழுதும் பின்சாய்ந்து ஸ்லைடின் ஓட்டம் குறைந்து போவதும் ஒரு காரணமாகலாம்.

ஐந்தாவது .32 தோட்டாவிற்கே உரிய குறை. இதன் அடியிலுள்ள விளிம்பு உடலைவிட விட்டத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகன்றது. மேகசினில் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்பிற்கு முன்னே இருத்தல் வேண்டும். அது பின்னே சென்றுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். மேல் தோட்டா எத்துணைத் தள்ளினும் முன்செல்லாது. நீளங்குறைந்த குண்டுடைய தோட்டாக்களை இட்டால், மேகசினுள் முன்பின் அசைய இடம் உண்டாகி இக்குறை மிகும். ஏனையவற்றுட் பலவற்றை ஸ்லைடை இழுத்து விடுவதால் ஒருகால் நீக்கலாம். விளிம்புப் பூட்டையோ மேகசினை வெளியே எடுத்துத்தான் நீக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் அதற்கு அவகாசம் ஏது? ஆதலின் மேகசினுக்கு ஏற்ற நீளமுடைய தோட்டாவையே தேர்ந்து, இடும்போதே விளிம்புகளின் வரிசையை நோக்கி இடுதல் அறிவுடைமை.

குறையைத் தேடுவதற்கும் ஒரு முறையுண்டு. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும் என்பதே அது. ஒரே நாளில் தோட்டாவையும் மாற்றி, சுருள்வில்லையும் மாற்றி, எண்ணெயும் பூசிவிட்டால், துப்பாக்கி சரியானாலும் எதனாற் சரியாயிற்று என்பது தெரியாது. தெரியாத குணம் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எளியதும் செலவு குறைந்ததுமானதை முதலிற் சோதித்து, அரியதை இறுதியில் நாடுக: முதலில் துப்புரவு, அடுத்துத் தோட்டா, அடுத்து மேகசின், அடுத்துச் சுடுவோர் கை, இறுதியில் துப்பாக்கி.

நண்பரின் துப்பாக்கியை இம்முறையிலேயே ஆராய்ந்தோம். துடைத்துச் சுத்தம் செய்தபின்னும் இடறிற்று. வேறு பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவிற்கும் இடறிற்று. அவரிடம் மேகசின்கள் இரண்டிருந்தன. அவற்றிற்கு 1, 2 என அடையாளமிட்டுச் சுட்டபோது, 2-ஆம் மேகசினில் ஓர் இடறலும் இல்லை. ஐயம் நீங்க மீண்டும் 1-ஐச் செருகினோம். மூன்றாம் தோட்டா முட்டி நின்றது. வேறொருவர் சுட்டும் அவ்வாறே நேர்ந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் அருகருகே வைத்து நோக்க, முதலாவதன் இடப்புற இதழ் சிறிதே வெளிவளைந்திருந்தது. “ஆம், ஒருமுறை கடப்பைக்கல் தரையில் விழுந்தது, எடுத்துத் துடைத்து வைத்தேன்” என்றார் நண்பர். துப்பாக்கியில் யாதொரு குறையுமில்லை.

இதில் நாம் அஞ்சிய இடம் ஒன்றுண்டு. முதல் இடறல் கண்டவுடன் நண்பர் உப்புத்தாள் கொண்டு சரிவைத் தேய்க்க முற்பட்டார். தேய்த்திருப்பின் இல்லாத குறையொன்று உண்டாகியிருக்கும். தேய்ந்த எஃகு திரும்ப வளராது. இதழ்களைக் குறட்டால் வளைத்தலும், சுருள்வில்லை இழுத்து நீட்டலும், கொக்கியை அராவுதலும் அத்தகையனவே. மேகசினும் சுருள்வில்லும் மாற்றத் தக்க பாகங்கள். அவற்றை மாற்றுதலே முறை. அதற்கு மேற்பட்ட வேலை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர்க்கே உரியது. உரிமமின்றி அத்தொழில் நடத்துவோரிடம் கொடுத்தல் சட்டத்திற்கும் மாறு, உயிருக்கும் கேடு. சோதித்துச் சுடுதலும் அனுமதி பெற்ற தளத்திலன்றி, தோட்டத்திலோ கண்மாய்க் கரையிலோ ஆகாது.

பேணுதலைப் பற்றியும் ஒரு சொல். மதுரைக் கோடையின் புழுதி மிகுந்த எண்ணெயுடன் கலந்து களியாகும். ஆதலின் எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும் இருத்தல் போதும். மேகசினின் உட்புறத்தை உலர்ந்ததாகவே வைக்கலாம். தோலுறைக்குள் நெடுநாள் வைத்த தோட்டாவிற் பச்சைக் களிம்பு படியும். துப்பாக்கியும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருவேறும். தேர்தற் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்க நேரும் உரிமதாரர், திரும்பப் பெற்றவுடன் அதனைத் துடைத்து நோக்கி, மேகசினின் இதழ்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

கல்லூரி மாணவர்க்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். துப்பாக்கி வைத்திருப்போர் நம்முட் சிலரே; அவரும் அதனைச் சுடும் நாள் வாராதிருக்கவே வேண்டிக்கொள்வர். நாமும் அங்ஙனமே வேண்டுகிறோம். ஆயினும் சோதியாது நம்பிய ஒன்றின்மேல் உறக்கத்தையும் உயிரையும் வைத்திருத்தல் துப்பாக்கி உடையார்க்கு மட்டும் உரிய பிழையன்று. நண்பர் பல்லாண்டுகளாக உறங்கியது துப்பாக்கியின் காவலில் அன்று; துப்பாக்கி உண்டென்னும் எண்ணத்தின் காவலிலேயே. பழுதான மேகசினை அவர் அகற்றிவிட்டுப் புதிதொன்று வாங்கினார். அதனையும் சோதித்த பின்னரே பெட்டியில் வைத்தார். ஆண்டுக்கொருமுறை சுடுதளம் செல்வதையும் வழக்கமாக்கிக் கொண்டார். அன்றியும், வீட்டு வாயிற்கதவிற்கு வலிய தாழ்ப்பாள் ஒன்றும், தெருமுனையில் விளக்கொன்றும் இடுவித்தார். அவையிரண்டும் தோட்டா இன்றியே இயங்குவன. அவற்றையே தம் முதற் காவலென்று இப்போது அவர் கூறுகின்றார்.