கிளை பிரியும் இடத்தில் புது ஸ்டென்ட்: கையெழுத்துக்கு முன்



சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் நம் மஹல்லா சகோதரர் ஒருவர் வந்தார். அவருடைய அத்தாவுக்கு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஆஞ்சியோகிராம் எடுத்ததில், இதய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு இருப்பது தெரிந்தது. அந்த இடத்துக்கென்றே செய்த புதுவகை ஸ்டென்ட் ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். "அத்தாவை வச்சு சோதனை பண்றாங்களா பாய்? கையெழுத்துப் போட்டா குனாஹ் ஆகுமா?" என்றார். இது நாளை எந்த வீட்டுக்கும் வரக்கூடிய கேள்வி.

முதலில் அடைப்பைப் புரிந்துகொள்வோம். நேரான குழாயில் அடைப்பு என்றால் பலூனை விரித்து, கம்பிவலைக் குழாயான ஸ்டென்டைப் பதித்துவிடுகிறார்கள். பிரியும் இடத்தில் அது அவ்வளவு சுலபமல்ல. வாய்க்கால் பிரியும் இடத்தில் பெரிய வாய்க்காலுக்கு மட்டும் கரை கட்டினால், சரிந்த மண் சின்ன வாய்க்காலின் வாயை அடைக்கும் அல்லவா? அதுபோல, பெரிய குழாயில் ஸ்டென்ட் விரியும்போது ஒதுங்கும் கொழுப்புப் படிவு கிளையின் வாயை நெருக்கிவிடும். அதனால் பெரும்பாலும் பெரிய குழாயில் ஒரே ஸ்டென்டை வைத்து, தேவைப்பட்டால் மட்டும் கிளையைத் திறந்துவிடுகிறார்கள். சில சிக்கலான அடைப்புகளுக்கு இரண்டு ஸ்டென்ட் வைப்பதும் உண்டு.

இதற்கென்றே தனி ஸ்டென்ட் செய்ய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முயல்கின்றன. ட்ரைட்டன் என்ற கிளை ஸ்டென்டை 704 நோயாளிகளிடம் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். கிளையில் பலூன் மட்டும் செய்தவர்களில் 12.8 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. புது ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 17.4 சதவீதம். சேர்ந்தவர்களில் பலருக்குக் கிளை மிகச் சிறியது என்பது பிறகு தெரிந்தது. 2017-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தபோது பெரிய கிளைகளுக்கு மட்டுமே தந்தது.

உடலிலேயே கரைந்துவிடும் என்று புகழப்பட்ட அப்சார்ப் ஸ்டென்டின் கதையும் இதுபோலத்தான். நம் நாட்டிலும் விற்றது. தொடர்ந்து கண்காணித்ததில், அதற்குள் ரத்தம் உறைவது உலோக ஸ்டென்டைவிட அதிகம் என்று தெரிந்தது. 2017 செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. புதுசு என்றாலே மேல் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செல்போனுக்கு அது சரியாக இருக்கலாம்.

அப்படியானால் ஆய்வே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் 1,830 சர்க்கரை நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். மருந்து பூசிய இரண்டு வகை ஸ்டென்டுகளை அதில் ஒப்பிட்டார்கள். பழைய வகையில் ஓராண்டில் 5.6 சதவீதம் பேருக்குச் சிக்கல், மற்றதில் 2.9 தான். சர்க்கரை இல்லாத வீடு நம் மஹல்லாவில் எத்தனை? அந்த 1,830 பேர் சேர்ந்ததன் பலன் நமக்கும் கிடைக்கிறது. ஏழைகளிடம் மட்டுமே சோதிக்கிறார்கள் என்பதும் சரியல்ல. சூரத்தில் தயாரான சுப்ராஃப்ளெக்ஸ் ஸ்டென்டை ஐரோப்பாவில் 1,435 பேரிடம் சோதித்து, 2019-ல் முடிவு வெளியானது. அது வெளிநாட்டு ஸ்டென்டுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

சகோதரருக்கு இன்னொரு சந்தேகம். யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்களாம். இது சூதாட்டம் போல் இல்லையா? இல்லை. டாக்டர் தனக்குப் பிடித்தபடி ஆளைப் பிரித்தால் முடிவு நேர்மையாக இராது, அதற்காகத்தான் குலுக்கல். பயணத்தில் உடன் வருபவரைத் தேர்ந்தெடுக்க நபிகளார் (ஸல்) தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கிய செய்தி ஹதீஸில் உண்டு.

நாம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. குறையை மறைத்து விற்ற சரக்கைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று மதரஸாவில் படித்தோம். ஆய்விலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் வைத்த ஸ்டென்டைத் திருப்பித் தர முடியாது. ஆகவே கேட்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அத்தாவின் கிளை எவ்வளவு பெரியது? ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை? இந்த ஸ்டென்ட் இதற்கு முன் எத்தனை பேருக்கு வைக்கப்பட்டது? புது ஸ்டென்டுக்கோ கூடுதல் பரிசோதனைக்கோ நம்மிடம் பணம் உண்டா? ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பது 2017-ன் மருத்துவச் சாதன விதிகளில் இருக்கிறது. படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். தமிழில் ஒரு நகல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மஷ்வரா செய்யுங்கள். மாரடைப்பு வந்து உடனே செய்தாக வேண்டிய நேரத்தில் மட்டும் படிவத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இலவசம் என்பதற்காக மட்டும் சேர வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஸ்டென்ட் சிகிச்சை அதிலேயே அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் அட்டை எடுத்து வையுங்கள்.

எந்த ஸ்டென்ட் வைத்தாலும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ரமழானில் நோன்பு வைக்கலாமா என்பதையும், வைக்கலாம் என்றால் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

நான்கு நாள் கழித்துச் சகோதரர் மீண்டும் வந்தார். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். அத்தாவோ, "எனக்குப் பழகின ஸ்டென்டே போதும்" என்று சொல்லிவிட்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. காப்பீட்டிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்படிப் படிவம் கைக்கு வந்தால், அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வரி விடாமல் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.