ஜீப்பில் வயர்லெஸ் கருவிக்கு ஸ்பீக்கர் பொருத்தப் போகிறீர்களா?

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை, கோட்டைக் குன்றுகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து போகிறது. வயர்லெஸ் கருவியின் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது; பாறைக்குன்று மறைத்தால் எதிர்முனைக் குரல் இரைச்சலோடு தேய்ந்துதான் வரும். அதை ஸ்பீக்கரும் சேர்ந்து கெடுக்கக் கூடாது. என் ஜீப்பில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வயர்லெஸ் வைத்தபோது, காலி இடம் இருக்கிறதே என்று கன்சோல் பெட்டியின் அடியில் ஸ்பீக்கரைச் செருகினேன். பாய்க்குள் சுருண்டு படுத்தவர் பேசுவதுபோல் கேட்டது! கழற்றி மாட்டியதில் கற்றவை இவை.

1. ஹாம் வயர்லெஸ் வைக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். ஹாம் உரிமத்துக்கு 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம்.

2. பேச்சுக்கு வேண்டியது சுமார் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான். பாட்டு கேட்கும் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். 3 அல்லது 4 அங்குலம் போதும்.

3. கருவியின் கையேட்டில் 4 ஓமா, 8 ஓமா என்று பார்த்து வாங்குங்கள். ஓம் குறைந்தால் கருவி சூடாகும்.

4. காலி இடத்தைத் தேடாதீர்கள், காதைக் கேளுங்கள். வண்டி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரை ஸ்பீக்கரை அங்கங்கே பிடிக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே வரும் ஒலியைத் தரைவிரிப்பு விழுங்கிவிடும். ஸ்பீக்கர் முகம் மேல்நோக்கிச் சாய்ந்து ஓட்டுபவரைப் பார்க்கட்டும்.

5. முதலில் அட்டையில் வட்டம் வெட்டி வைத்துப் பாருங்கள். துளை போடுமுன் பின்னால் வயர், கியர் கேபிள், ஏர்பேக் இருக்கிறதா என்று கவனியுங்கள். ட்ரில் பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்தால் ஆழம் மீறாது.

6. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிரானவை. ஓரத்தில் சந்து இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, ஸ்பீக்கர் விளிம்புக்கும் கன்சோலுக்கும் நடுவே வையுங்கள்.

7. மிச்ச டியூபில் சின்ன வாஷர்கள் வெட்டி போல்ட்டில் கோத்து, நைலாக் நட்டு போடுங்கள். மண்சாலையிலும் கிடுகிடு சத்தம் வராது.

8. புழுதிக்கு முகப்பில் கொசுவலைத் துணி ஒரு மடிப்பு போதும். கெட்டித் துணி குரலை மழுக்கும்.

9. சில கருவிகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரில் எதுவுமே வண்டியின் பாடியில் படக்கூடாது. பட்டால் ஒலிப்பகுதி எரிந்துபோகலாம். இரண்டையும் கருவிவரை தனியாகவே இழுங்கள்.

10. கருவிக்கு மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து வரட்டும். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க விசில் ஏறினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம். ஸ்பீக்கர் வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

11. இரண்டு கருவி இருந்தால் ஒரு ஸ்பீக்கரை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வையுங்கள். எதில் அழைப்பு என்று சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே தெரியும். ஒன்றின் மைக்கை மற்றதன் ஸ்பீக்கர் அருகே மாட்டினால், ஒரு கருவியில் வரும் பேச்சு மற்றதன் வழியே போய்க் குழப்பும்.

12. பேசும்போது கருவி நன்றாகச் சூடாகும். நம் ஊர் சித்திரை வெயிலும் சேரும். ஸ்பீக்கரை வைத்துக் கருவியின் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

13. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கோட்டைப் பக்கம் ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். குன்றின் மறைவில், எதிர்முனை சொன்ன ஊர்ப் பெயரை மறுபடி கேட்காமல் புரிந்துகொண்டீர்களா? அப்போது நட்டை இறுக்குங்கள்.