வங்காள எழுத்து படிக்கணுமா? அட்டையை நீ எழுதாதே, கணினி எழுதட்டும்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கேரளத்துக்கு வேலைக்கு வர்ற வடக்கத்தி ஆளை எல்லாம் ‘பெங்காளி’ன்னு ஒரே பேர்ல கூப்பிடறதை விடு. முர்ஷிதாபாத்காரரும் இருப்பார், அஸ்ஸாம்காரரும் இருப்பார், ஒடிசாக்காரரும் இருப்பார். ஒடிசாவுக்கு எழுத்தே வேற. எந்த ஊர்னு கேட்டுக்கிட்டு அப்புறம் படிக்க உட்காரு.

அவங்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க கேரள சாட்சரதா மிஷன் ‘சங்ஙாதி’ன்னு ஒரு திட்டம் கொண்டுவந்தது, ‘ஹமாரி மலையாளம்’னு புத்தகமும் போட்டது. அவங்க எழுத்தை நாம படிக்கணும்னா நாமதான் வழி பார்க்கணும். மருந்துக்கடையில நிக்கறவளுக்கும், ரீசார்ஜ் கடை வச்சிருக்கறவளுக்கும், கூலிக் கணக்கு எழுதறவளுக்கும் இது உதவும்.

நம்ம பக்கத்துக்காரிக்கு இதுல ஒரு வசதி இருக்கு. 1956-ல எல்லை போட்டப்போ விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை கேரளத்துல நின்னுது. அதனால கேரள எல்லைக்குள்ள இருக்கற பாறசாலைப் பக்கம் பல வீட்டுல பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்துப் படிப்பு மலையாளம். அந்த மலையாளம் இருந்தா வங்காளத்துல பாதி வேலை முடிஞ்சது. எப்படின்னு கேளு.

1. மனப்பாட அட்டை வெட்டி ஸ்கெட்ச் பேனாவால எழுத உட்காராதே. தெரியாத எழுத்தைப் பார்த்து வரைஞ்சா கோணலா வரும், அந்தக் கோணலே மனசுல பதியும். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில ஒரு எண் இருக்கு. வங்காள ‘க’வுக்கு 2453, மலையாள ‘க’வுக்கு 3349. கழிச்சுப் பாரு, 896. ‘க’விலிருந்து ‘ஹ’ வரை எந்த மெய்யெழுத்தை எடுத்தாலும் இதே 896-தான். 1988-ல வந்த ‘இஸ்கி’ங்கிற இந்தியக் குறிமுறை பெரும்பாலான இந்திய எழுத்துக்கும் ஒரே வரிசை போட்டது, யூனிகோடு அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கிட்டது. அதனால ஒரு எண்ணைக் கொடுத்தா அட்டையோட முன்பக்கத்து வங்காள எழுத்து, பின்பக்கத்து மலையாள எழுத்து ரெண்டும் வந்துடும்.

2. நிரல் நாலஞ்சு வரிதான், பயப்படாதே. கம்ப்யூட்டர் இல்லேன்னா போன்ல பைட்ராய்டு செயலி போடு, இல்ல கூகுள் கோலாப் திற. பைத்தான்ல 2453-லிருந்து 2489 வரை ஒரு ‘ஃபார்’ சுற்று. ஒவ்வொரு சுற்றுலயும் ‘சி-எச்-ஆர்’ கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தா வங்காள எழுத்து வரும். நடுவுல ஒரு டேப். எண்ணோட 896 கூட்டி மறுபடி கொடுத்தா மலையாள எழுத்து. அதை ஒரு கோப்புல எழுது, ஆச்சு. ‘ரேஞ்ச்’ல கடைசி எண் 2490-ன்னு போடு. பைத்தான் கடைசி எண்ணைச் சேர்த்துக்காது. 2489-ன்னு போட்டுட்டு ‘ஹ’வைக் காணோமேன்னு தேடறவங்கதான் அதிகம்.

3. 2473, 2481, 2483, 2484, 2485 அஞ்சையும் தாண்டச் சொல்லு. இல்லேன்னா அட்டையில வெறும் கட்டம்தான் வரும். முதல் நாலும் நம்ம ன, ற, ள, ழ இருக்கவேண்டிய இடம், வங்காளத்துக்கு அது தேவைப்படல. கடைசி இடம் ‘வ’. அங்கே வ-வுக்கும் ப-வுக்கும் ஒரே எழுத்துதான், அதனாலதான் நம்ம விவேகானந்தர் அவங்க வாயில ‘பிபேகானந்தோ’ ஆகிறார். மிச்சம் 32 மெய். விட்டுப்போன நாலை நீயே சேர்த்துக்கோ: 2510, 2524, 2525, 2527. அஸ்ஸாம்காரருக்காகப் படிச்சா ர, வ ரெண்டும் வேற, அதுக்கு 2544, 2545.

4. உச்சரிப்பை நிரல்கிட்ட விடாதே. 896 எழுத்தைத்தான் தரும், ஓசையைத் தராது. குறி எதுவும் போடாத ‘க’வை அவங்க பெரும்பாலும் ‘கொ’ மாதிரிதான் சொல்வாங்க. 2001-ல கல்கத்தா கொல்கத்தா ஆச்சே, அந்த ‘கொ’ எழுத்துல வெறும் ‘க’தான். மூணு ச/ஷ/ஸ எழுத்தும் அனேகமா ‘ஷ’ன்னுதான் ஒலிக்கும். ‘ய’ வரிசையில நிக்கற எழுத்து ‘ஜ’ன்னு ஒலிக்கும். இதுக்கெல்லாம் மூணாவதா ஒரு பத்தி வச்சு உன் கையால தட்டு. மலையாளம் தெரியாதவ சுலோகப் புத்தகம் மாதிரி க¹, க², க³, க⁴-ன்னு போட்டுக்கோ. வெறும் தமிழ் ‘க’வை நாலு அட்டைக்கும் போட்டா ஒண்ணும் விளங்காது.

5. உயிர்க்குறியைத் தனியா அட்டையில போடாதே. புள்ளி வட்டத்தோட அசிங்கமா நிக்கும். 2453-க்குப் பின்னால குறியோட எண்ணை ஒட்டு. ஏ, ஐ குறி நம்மது மாதிரியே இடப்பக்கம் நிக்கும், ஓ ரெண்டு பக்கமும் நிக்கும். அதெல்லாம் உனக்குப் பழக்கம்தான். ஏமாத்தறது இகரம். 2495, அதுவும் இடப்பக்கம் போய் நிக்கும். நிரல்ல மெய்யை முதல்ல, குறியைப் பின்னால கொடு, இடத்தை அதுவே பார்த்துக்கும்.

6. கூட்டெழுத்தை மொத்தமா உருவாக்காதே. நடுவுல 2509 வச்சா எந்த ரெண்டு மெய்யும் சேரும்னு தெரிஞ்சதும் கை துறுதுறுக்கும். 32-ஐ 32-ஆல பெருக்கினா 1024 அட்டை, முக்கால்வாசி எந்தச் சொல்லுலயும் வராது. மருந்துச் சீட்டுலயோ பேர்லயோ கண்ணுல பட்டதை மட்டும் சேரு.

7. எண்களை முதல்ல படி. இது கட்டளைன்னே வச்சுக்கோ. 2534-லிருந்து 2543 வரை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை. வங்காள 4 பார்க்க அச்சு அசலா நம்ம 8. வங்காள 7 நம்ம 9 மாதிரி. அவங்க எழுதிவச்ச 400-ஐ நீ 800-ன்னு வாசிச்சா என்ன சண்டை வரும்னு நான் சொல்லவேண்டாம். இந்த ரெண்டு அட்டையையும் கூடுதலாப் பார்த்துக்கோ.

8. எழுத்தைப் பெரிசா வை. ‘ப³’வுக்குக் கீழே ஒரு புள்ளி வச்சா ‘ர’, அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன எழுத்துல அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது.

9. கோப்பை யூடிஎஃப்-8-ல சேமி. மறந்தா பிழை வரலாம், இல்லேன்னா எழுத்து கெட்டுப்போகலாம். அப்புறம் அன்கிங்கிற அட்டைச் செயலியில இறக்கு, ஆண்ட்ராய்டுல இலவசம். அது ஒரு நாளைக்கு 20 புது அட்டை கொடுக்கும். அடுப்பும் பிள்ளையும் பார்க்கிறவளுக்கு அது கட்டாது, 5-ஆ குறைச்சுடு. ஒரு நாள் விட்டாலும் குற்றமில்ல, ஒரு வாரம் விட்டா பாக்கி குவிஞ்சுடும்.

நிரல் எழுதத் தோணலேன்னா கூகுள் ஷீட்டுல ‘யூனிசார்’ கட்டளைக்கு இதே எண்களைக் கொடு, அதே எழுத்து வரும். எதுல செய்யறேங்கிறதுல கௌரவம் பார்க்காதே. அட்டை செய்ய ஒரு சாயங்காலத்துக்கு மேல செலவு பண்ணாதே. முடிஞ்சதும் வங்காளம் தெரிஞ்ச தொழிலாளி ஒருத்தர்கிட்ட காட்டி, ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மூணாவது பத்தியைத் திருத்து. வேலை நேரத்துல போய்த் தொந்தரவு பண்ணாதே, ஞாயித்துக்கிழமை கேளு. சாயா உன் கணக்கு.