தருமமும் உரிமையும்

உதவி பெறுதல் இழிவா, இயல்பா என்பதை ஒரு நாட்டின் அரசியல் மரபே பெரிதும் முடிவு செய்கிறது. கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய ஆங்கில நாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

1601-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி, ஒவ்வோர் ஊர்வட்டமும் வரி தண்டித் தன் வறியவரைக் காக்கவேண்டியிருந்தது. 1834-இல் புதிய சட்டம் வந்தது. உடல் வலிமையுள்ளவன் உதவி வேண்டின் ஏழையர் விடுதிக்குள் புகவேண்டும் என்பது அதன் கொள்கை. வெளியே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் நிலையினும் விடுதியின் நிலை தாழ்ந்திருத்தல் வேண்டும் என்று தெரிந்தே வகுத்தனர். அங்கே கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர், குழந்தைகளும் பிரிக்கப்பட்டனர். வடபகுதி நெசவு ஊர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. எதிர்த்ததில் வியப்பென்ன? வேலையில்லாத நெசவாளன் சோம்பேறி அல்லன் என்பதை அவ்வூரார் அறிவர்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. ஊர்வட்ட உதவி பெற்றவர் வாக்குரிமையை இழந்தனர். இத்தடை 1918 வரை நீடித்தது. கைநீட்டியவன் குடிமகன் அல்லன் என்று அரசே கூறியபின், தருமம் என்ற சொல் ஏழையின் செவிக்குக் கசந்ததில் குற்றமில்லை.

இக்காலத்தில்தான், 1844 டிசம்பர் 21-இல், ராச்டேல் நகரின் டோட் சந்தில் 28 பவுன் முதலுடன் முன்னோடிகளின் கடை திறக்கப்பட்டது. அவருள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் மாவும் மெழுகுவர்த்தியுமே சரக்கு. வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கு இலாபம் பங்கிடப்பட்டது. அது கொடையன்று, கணக்கில் எழுதப்பட்ட பாத்தியதை. அதனைப் பெற எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

அரசும் பின்னர் மாறியது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 70 வயது நிறைந்த வறியவர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் ஏற்பட்டது. 1909 ஜனவரி முதல் அது அஞ்சலகத்தில் வழங்கப்பட்டது. பெற்றவர் வாக்கை இழக்கவில்லை. பழைய ஏழையர் சட்டம் 1948-இல் முற்றும் நீக்கப்பட்டது.

நம் சங்கங்களின் பொது நல நிதியும் உறுப்பினரின் உழைப்பால் திரண்ட இலாபத்தின் பகுதியே. ஆயினும் நான் அறிந்த ஒரு சங்கத்தில், மழையால் தறிக்குழியில் நீர் புகுந்து நெசவிழந்தோர்க்கு அந்நிதியிலிருந்து உதவியபோது, பெற்றவர் பெயர்களைப் பொதுக்குழுவில் உரக்கப் படித்தனர். மறு ஆண்டும் மழை பெய்தது. குழிகளில் நீர் நின்றது. விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை. உறுப்பினர் செழிப்புற்றமைக்கு அது சான்று என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.